வலிமைப் பயிற்சிக்குத் தனி வாத்தியார் வேண்டுமா? வரலாற்றைக் கேட்டுப் பார்த்தேன்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னொரு கால் மணி நேரம் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களாக ஒரே கேள்வி மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில், "சார், ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன். தனியாக ஒரு ட்ரெயினர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாதம் 8000 ரூபாய். கொடுக்கலாமா?" என்றார். அண்ணன் மகள், "சித்தப்பா, யூடியூபில் எல்லாமே இருக்கிறதே, பிறகு எதற்கு ஆள்?" என்று கேட்டாள். மூன்றாவது கேள்வி என் வீட்டிலேயே எழுந்தது. எனக்கு 67 வயது. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ முடிகிறது. நடைப்பயிற்சி மட்டும் போதாது, தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பணத்தை நான் தருகிறேன் என்கிறான் மகன். "பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்கா இவ்வளவு காசு?" என்கிறார் என் துணைவியார்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பெரியக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை துணையில்லாமல் அவரால் நடக்க முடியவில்லை. காலில் வலு இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எண்ணம் என்னை விடவில்லை.

முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவன் நான். ஒரு கேள்வி வந்தால், நமக்கு முன்னால் இதை யார் யார் கேட்டார்கள் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பார்த்தால், இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் ஆகிறது.

முதலில் கிரேக்கம்.

குரோட்டன் நகரத்து மைலோவின் கதை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் மல்யுத்த வீரர். ஒலிம்பியாவில் ஆறு முறை வென்றவர் என்பார்கள். அவர் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கி வந்தாராம். கன்று வளர வளர அவருடைய வலுவும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கினாராம். இது கதைதான். ஆனால் வலிமைப் பயிற்சியின் அடிப்படை விதி இதற்குள் இருக்கிறது. சுமை சிறிது சிறிதாகக் கூட வேண்டும், உடல் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும். இன்று எந்த ஜிம்முக்குப் போனாலும் சொல்லிக் கொடுக்கும் விதி இதுவே. இந்தக் கதையில் வாத்தியார் என்று யாரும் இல்லை என்பதையும் கவனியுங்கள். கன்றுக்குட்டிதான் வாத்தியார்.

ஆனால் உண்மையான கிரேக்க வீரர்கள் கன்றுக்குட்டியை நம்பி இருக்கவில்லை. அவர்களுக்குப் பயிற்சி தர இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். சிறுவர்களுக்கு மல்யுத்தப் பிடிகளையும் அசைவுகளையும் கற்றுக்கொடுப்பவர் பைடோட்ரிபஸ். வீரனின் உணவு, ஓய்வு, பயிற்சி எல்லாவற்றையும் திட்டமிடுபவர் ஜிம்னாஸ்டஸ். நம் ஊர்க் கணக்கில் ஒருவர் பி.டி. சார், மற்றவர் கோச்.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பிலோஸ்ட்ராடஸ் என்பவர் இந்தப் பயிற்சிக் கலையைப் பற்றியே தனி நூல் எழுதினார். அவர் காலத்தில் நான்கு நாள் சுழற்சி முறை ஒன்று பிரபலமாக இருந்தது. முதல் நாள் தயாரிப்பு, இரண்டாம் நாள் கடும் பயிற்சி, மூன்றாம் நாள் ஓய்வு, நான்காம் நாள் நடுத்தரப் பயிற்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை செய்த கேடு ஒன்றை அவரே எழுதி வைத்திருக்கிறார். கெரீனஸ் என்ற மல்யுத்த வீரர் ஒலிம்பியாவில் வென்றார். வெற்றி விருந்தில் பழக்கமில்லாத உணவும் மதுவும் உள்ளே போயின. தூக்கமும் கெட்டது. மறுநாள் பயிற்சிக் கூடத்துக்கு வந்து, உடம்பு சரியில்லை என்று பயிற்சியாளரிடம் சொன்னார். அட்டவணை கெட்டுவிட்டதே என்று பயிற்சியாளருக்குக் கோபம். வழக்கமான பயிற்சியைச் செய்தே ஆக வேண்டும் என்று விரட்டினார். பயிற்சியின் நடுவிலேயே வீரர் இறந்துபோனார்.

அந்தப் பயிற்சியாளரிடம் திட்டம் இருந்தது, அனுபவமும் இருந்திருக்கும். எதிரே நிற்கும் மனிதனின் முகத்தைப் பார்க்கும் கண்தான் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருவோம்.

பயிற்சியாளர்களை அதிகம் சாடியவர் மருத்துவர் கேலன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் கிளாடியேட்டர்களுக்கு மருத்துவம் பார்த்தவர், பிறகு ரோமாபுரிக்குப் போனவர். உடல்நலம் என்பது மருத்துவரின் துறையா, பயிற்சியாளரின் துறையா என்று விவாதிக்க ஒரு நூலே எழுதினார். களத்தில் ஜெயிக்க முடியாதவர்கள் திடீரென்று ஒரு நாள் நிபுணர்களாகிவிடுகிறார்கள் என்பது அவருடைய கேலி. 35 வயதில் மல்யுத்தக் கூடத்தில் அவருக்கே தோளில் அடிபட்டது. பயிற்சியாளர் தவறாகக் கணித்து வேறு மூட்டை இழுக்கத் தொடங்கினார் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் புரிகிறது. அதே கேலன் உடற்பயிற்சியை மிகவும் புகழ்ந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறிய பந்தைக் கொண்டு செய்யும் பயிற்சியைப் பற்றித் தனியே எழுதியவர் அவர். பயிற்சியோடு அவருக்குச் சண்டை இல்லை, தெரியாமல் தெரிந்ததுபோல் பேசுகிறவர்களோடுதான் சண்டை.

இப்போது நம் பக்கம் வருவோம்.

நம் ஊரில் சிலம்பக் கூடத்திலும் குஸ்தி கோதாவிலும் கற்றுத் தருபவரை ஆசான் என்றோம், உஸ்தாத் என்றோம், வாத்தியார் என்றும் சொன்னோம். எனக்கும் அவருக்கும் ஒரே பட்டம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவை அங்கே அன்றாடப் பாடங்கள். கர்லாக்கட்டையைச் சுழற்றிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். எடையைத் தூக்குவது அதில் பெரிய காரியமே இல்லை. தோளும் மணிக்கட்டும் எந்தப் பாதையில் போகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதை தவறினால் கட்டை முதுகிலோ தலையிலோ இடிக்கும். அதனால் ஆசான் பக்கத்தில் நின்று பார்ப்பார், தோளைத் தொட்டுத் திருத்துவார். மாதச் சம்பளம், ரசீது எல்லாம் கிடையாது. தட்சிணை உண்டு, அதோடு பல வருட விசுவாசமும் உண்டு.

இந்தக் கட்டைகளை இங்கே பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் அவற்றைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் "இந்தியன் கிளப்" என்ற பெயரில் அது ஒரு மோகமாகவே ஆனது. 1834இல் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் அதற்கு இடம் கிடைத்தது. இங்கே ஆசானின் கையிலிருந்து கற்றதை அங்கே படம் பார்த்துக் கற்றார்கள். வாத்தியார் இல்லாமல் கற்பது என்ற வழக்கம் அச்சு இயந்திரத்தோடு சேர்ந்து வளர்ந்தது.

அந்த வழக்கத்தைப் பெரும் வியாபாரமாக்கியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் உங்கள் வீட்டுத் துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆம், சாண்டோ பனியனைத்தான் சொல்கிறேன். கையில்லாத அந்த உள்பனியனுக்குப் பெயர் தந்தவர் யூஜின் சாண்டோ. 1867இல் பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். இயற்பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். அவர் காலத்து இளைஞர்கள் மனதில் வலிமை என்றாலே சாண்டோதான். நம் தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவர், கோவையில் இளம் வயதில் தேகப் பயிற்சியில் பெயர் பெற்றதால்தான் கடைசிவரை "சாண்டோ" சின்னப்பா தேவர்.

சாண்டோ தானாக உருவாகிவிடவில்லை. பேராசிரியர் அட்டிலா என்று தன்னை அழைத்துக்கொண்ட லுட்விக் டுர்லாக்கர் என்பவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவரைக் கண்டெடுத்துப் பயிற்சி கொடுத்தார். எந்த எடையை எப்படித் தூக்குவது, மேடையில் எப்படி நிற்பது, எல்லாம் அட்டிலாவின் பாடம். 1889இல் லண்டனில் சாம்ப்சன் என்ற பலசாலியைப் பொதுமேடையில் சாண்டோ வென்றபோதும் பின்னால் நின்றவர் அட்டிலா. ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான பலசாலிக்கே ஒரு தனி வாத்தியார் இருந்தார்.

அதன்பிறகு சாண்டோ விற்றது என்ன என்று பாருங்கள். 1897இல் லண்டனில் ஒரு பயிற்சி நிலையம் திறந்தார். வருகிறவர்களின் உடலை அளந்து, ஆளுக்கு ஏற்றபடி பாடம் கொடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில்கூட அவரிடம் பயிற்சி பெற்றவர்தான். 1901இல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் சாண்டோ நடத்திய உடலழகுப் போட்டிக்கு அவர் ஒரு நடுவர். லண்டனுக்கு வரவும் செலவு செய்யவும் முடிந்தவர்களுக்கு இந்த நிலையம். முடியாதவர்களுக்குப் புத்தகம், மாத இதழ், தபால் வழிப் பாடம். வயதுக்கு இத்தனை முறை என்று அட்டவணையே புத்தகத்தில் இருந்தது. ஸ்பிரிங் வைத்த டம்பெல்லும் விற்றார், தன் பெயரில் கோகோ பொடியும் விற்றார். 1904-05இல் இந்தியாவுக்கும் வந்துபோனார். 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவருக்கு உடற்பயிற்சிப் பேராசிரியர் என்று பட்டமே கொடுத்தார்.

இன்றைய ஜிம் வியாபாரத்தின் எல்லாப் பகுதிகளும் நூற்றிருபது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டன. தனிப் பயிற்சி, பொதுப் பாடம், கருவி, பொடி. பொடியின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் தபால் பாடத்தை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1929க்குப் பிறகு அவருடைய விளம்பரங்கள் சித்திரக்கதைப் புத்தகங்களில் நிரம்பின. கடற்கரையில் ஒரு முரடன் ஒல்லிப்பையன் முகத்தில் மணலை உதைப்பான், பையன் பாடத்தை வரவழைத்துப் படித்து உடலை வளர்த்துக்கொண்டு திரும்பி வந்து முரடனைக் குத்துவான். நம் பக்கத்தில் பெங்களூரின் கே.வி. ஐயர். டம்பெல்லையும் சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்துக் கற்றுத் தந்தவர். மைசூர் மகாராஜாவின் ஆதரவைப் பெற்ற உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார், கூடவே தபால் வழியிலும் மாணவர்களைச் சேர்த்தார். கன்னடத்தில் நாவல் எழுதியவரும்கூட. ஆள் பலசாலி என்றால் படிக்க மாட்டான் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க.

பயிற்சி கொடுப்பவருக்கே படிப்பு வேண்டும் என்ற எண்ணம் இதே காலத்தில்தான் சென்னைக்கு வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவில் இந்த வகையில் முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியைத் தயார் செய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. நம் பள்ளிகளில் விசில் ஊதிய எத்தனையோ பி.டி. சார்கள் அந்த மரத்தின் கிளைகள்.

அடுத்த பெரிய மாற்றம் ஒரு ராணுவ மருத்துவமனையில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், சிகாகோவின் கார்டினர் மருத்துவமனையில் கை கால் அடிபட்ட வீரர்கள் குவிந்து கிடந்தார்கள். மெல்ல மெல்ல லேசான எடையைத் தூக்க வைப்பதுதான் அன்றைய வழக்கம், குணமாக மாதக்கணக்கில் ஆனது. தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் மாற்றி யோசித்தார். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, பிறகு தானே எடை தூக்கி உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். ஒருவர் சரியாக 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டுபிடி, அதை அளவாக வைத்துப் பயிற்சி கொடு, வாரா வாரம் எடையைக் கூட்டு என்றார். 1945இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு அதை 10 முறை வீதம் மூன்று சுற்று என்று சுருக்கினார். இன்று உங்கள் ஜிம் மாஸ்டர் "மூணு செட், பத்து பத்து" என்று சொல்கிறாரே, அதன் வேர் அந்த மருத்துவமனைக் கட்டில்களுக்கு அடியில் இருக்கிறது. மைலோவின் கன்றுக்குட்டிக்கு எண்ணும் அளவும் கிடைத்துவிட்டன. அதுவும் யாருக்கும் சொந்தமில்லாமல், எல்லோரும் படிக்கிற மாதிரி அச்சில் கிடைத்தன.

"பர்சனல் ட்ரெயினர்" தனித் தொழிலாக வளர்ந்தது இதற்கெல்லாம் பிறகுதான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு 1975இல் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. வலிமைப் பயிற்சியாளர்களுக்கான தேசியச் சங்கம் அங்கே 1978இல் உருவானது. நம் ஊரில் இப்படிப்பட்ட சான்றிதழ் உள்ளவர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற கட்டாயப் பதிவு இவர்களுக்குக் கிடையாது. பனியன் போட்டு நின்றால் மாஸ்டர்தான். கேலன் இன்று வந்தால் அதே நூலை மறுபடி எழுதுவார்.

சரி, இந்தக் கதைகளிலிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன்?

பயிற்சியாளர் என்ற மனிதர் எப்போதும் மூன்று பொருளைத்தான் விற்று வந்திருக்கிறார். பள்ளிக்கூட மொழியில் சொல்கிறேன். ஒன்று பாடத்திட்டம், அதாவது எதை, எவ்வளவு, எத்தனை முறை. இரண்டு, கண். நீங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துவது. மூன்று, வருகைப் பதிவேடு. நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்.

இதில் பாடத்திட்டத்தின் விலை சாண்டோ காலத்திலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் லண்டனுக்குப் போய் வாங்க வேண்டியது பிறகு தபாலில் வந்தது, இன்று கைபேசியில் இலவசம். அண்ணன் மகள் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. பாடத்திட்டத்துக்காக மட்டும் மாதம் 8000 ரூபாய் கொடுக்கத் தேவையே இல்லை.

வருகைப் பதிவேட்டுக்கு வேறு வழிகள் உண்டு. ஒரு நண்பர், ஒரு அக்கம்பக்கத்துக் குழு, கண்டிப்பான மனைவி. எங்கள் வீட்டில் மூன்றாவது ஏற்பாடு பல வருடமாக நன்றாக இயங்குகிறது.

கண்ணைத்தான் தபாலில் அனுப்ப முடியவில்லை. கைபேசித் திரையில் இருப்பவர் உங்களுக்குக் காட்டுவார், உங்களைப் பார்க்க மாட்டார். குனிந்து எடை எடுக்கும்போது முதுகு வளைகிறதா, ஸ்குவாட் உட்காரும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா, மூச்சை அடக்குகிறோமா என்பதெல்லாம் நமக்கே தெரியாது. கர்லாக்கட்டை ஆசான் பக்கத்தில் நின்றது இதற்காகத்தான்.

இந்தக் கண்ணுக்கு உண்மையில் பலன் உண்டா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2000இல் அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓரளவு பழக்கமுள்ள சுமார் 20 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், 12 வாரம். ஒரு பிரிவுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர், மற்றதற்கு இல்லை. இரண்டு பிரிவுமே வலுப்பெற்றன. ஆனால் பயிற்சியாளர் இருந்த பிரிவு எடையை வேகமாகக் கூட்டியது, முடிவில் அதிக வலுவும் பெற்றது. 2008இல் பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவையானது. நீங்களே உங்களுக்கு ஏற்ற எடையைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். தனியாகப் பயின்று வந்தவர்கள் தங்கள் உச்ச வலிமையில் ஏறக்குறைய 42 சதவீத எடையை எடுத்தார்கள். பயிற்சியாளரோடு பழகியவர்கள் ஏறக்குறைய 51 சதவீதம். தனியே விட்டால், தங்களால் முடிந்ததைவிட மிகக் குறைவாகத்தான் எடுக்கிறார்கள். இதை நான் தேர்வுத்தாள் திருத்தும்போதே கண்டவன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் குழுவினரும் பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 90. எட்டு வாரம், நல்ல கனமான எடையில் கால் பயிற்சி, ஒவ்வொரு முறையும் மேற்பார்வையில். ஒன்பது பேர் முடித்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொண்ணூறு வயதில்! அதைப் படித்த அன்று, இனிமேல் என்ன இருக்கிறது என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன். உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, சமநிலைப் பயிற்சியையும் சேர்த்து, மூன்று நாள்.

ஆகவே என் தீர்ப்பு இது. கண்ணுக்குக் காசு கொடுங்கள், கால வரையறையோடு கொடுங்கள். மாதம் 8000 என்றால் வருடத்துக்கு 96,000. மூன்று மாதத்துக்கு 24,000. இந்த இரண்டு தொகைக்கும் உள்ள இடைவெளிதான் நாம் யோசிக்க வேண்டிய இடம்.

ஓசூர்த் தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது, நோய் ஒன்றும் இல்லை. அவருக்கு இரண்டு மூன்று மாதம் போதும். அடிப்படை அசைவுகள் ஐந்தாறு சரியாக வந்துவிட்டால் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எடை, எத்தனை முறை என்று எழுதிக்கொண்டே போகலாம். எடை நின்றுபோனாலோ வலி வந்தாலோ மறுபடி ஒருவரிடம் காட்டலாம். அண்ணன் மகளுக்கு முதுகு வலி இருப்பதால் முதலில் பிசியோதெரபிஸ்ட், பிறகே ஜிம். யூடியூப் அதற்கு அப்புறம். ஏற்கெனவே பள்ளி, கல்லூரியில் விளையாடி நன்றாகப் பழகியவர்கள் பணத்தை மிச்சப்படுத்தலாம். அவர்களுக்குத் தேவை நண்பர் துணை மட்டுமே.

நானும் முடிவெடுத்துவிட்டேன். வாரம் இரண்டு நாள், மூன்று மாதம், பயிற்சியாளரோடு. அதில் பாதிச் செலவு மகனுடையது, பாதி என்னுடையது. நம் காசும் சேர்ந்தால்தான் நாம் ஒழுங்காகப் போவோம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் போன இடத்தில் என் வயதைக்கூடக் கேட்கவில்லை. நேராக ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்து, இதை இரண்டு ஸ்பூன் பாலில் கலந்து குடியுங்கள் என்றார்கள். சாண்டோவின் கோகோ நினைவு வந்தது, வணக்கம் சொல்லி வந்துவிட்டேன். இப்போது போகும் இடத்தில் இருப்பவர் முப்பது வயதுப் பெண். முதல் நாள் எடை எதையும் தொட விடவில்லை. ரத்த அழுத்தம், மாத்திரைகள், பழைய காயம், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். மருத்துவர் சீட்டு கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து காட்டச் சொல்லி, பக்கத்திலும் எதிரிலும் நின்று பார்த்தார். "ஐயா, இடது கால்லதான் பாதி பாரத்தைப் போடறீங்க, வலது பக்கம் பயப்படறீங்க" என்றார். எனக்கே தெரியாத செய்தி. "மூணு மாசத்துல நீங்களே தனியா செய்யற மாதிரி ஆயிடணும்" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சேர்ந்தேன்.

நீங்களும் ஆள் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள். உடல்நிலை பற்றிக் கேட்கிறாரா? நீங்கள் செய்யும்போது உங்களைப் பார்க்கிறாரா, கைபேசியைப் பார்க்கிறாரா? போன வாரம் என்ன எடை என்று எழுதி வைத்திருக்கிறாரா? ஏன் இந்தப் பயிற்சி என்று கேட்டால் விளக்கம் சொல்கிறாரா? எல்லாவற்றுக்கும் மேல், இன்று உடம்பு சரியில்லை என்று நீங்கள் சொன்னால் என்ன செய்கிறார்? அட்டவணையை மாற்றுகிறவரிடம் இருங்கள். கெரீனஸின் பயிற்சியாளரைப் போல விரட்டுகிறவராக இருந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

உங்களில் இரண்டு மூன்று பேர் உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். நான் சொன்னதில் திருத்தம் இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும். வீட்டில் அறுபது தாண்டிய பெற்றோர் இருப்பவர்கள் இன்று மாலை அவர்களை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்றுகொண்டு. முடியவில்லை என்றால் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்